நாற்பதில் அடங்கும் சத்தம்

என் மனைவியின் அக்கா கணவருக்கு எங்கள் குடும்பத்தில் விஞ்ஞானி என்று பெயர். முப்பது வருடம் குடிநீர் அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்தியவர். ஓய்வு பெற்ற மறுநாளே அவருக்குள் ஒரு பொறியாளர் கண்விழித்துவிட்டார். அன்றிலிருந்து உறவினர் வீட்டு மிக்ஸிகளுக்கு நிம்மதி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சில நாட்களாகக் கட கட என்று சத்தம் போட்டுவந்த எங்கள் காரின் முன்பக்க இடது சக்கரத்தருகே குந்தி, டயரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கார் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின்கூட ஓடவில்லை.

"ஆக்ஸில் போச்சு" என்றார், இழவு சொல்ல வந்தவர் குரலில்.

என் மனைவியின் முகம் வாடிவிட்டது. "நிஜமாவா அத்தான்?"

"பின்ன என்னம்மா? போன வாரம் நடைபாதை மேல ஏத்தி இறக்குனியே, இரும்புன்னா அதுக்கு வலிக்காதா? இதோட ஓட்டினா ஒருநாள் சக்கரம் முன்னால போகும், நீ பின்னால போவ."

மூன்று முறை தோற்று, நான்காம் முறை லைசென்ஸ் வாங்கியவள் அவள். நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த மருத்துவமனைப் பரிசோதனைக்கூட வேலையில் மறுநாள் சேர வேண்டும். மருத்துவமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்நேரத்துக்குப் பேருந்து கிடையாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கண் பார்வை சரியில்லை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் பயம்.

சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். "இனிமே தொடமாட்டேன். நாளைக்கு வரலைன்னு போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"அதான் புத்திசாலித்தனம்" என்றார் விஞ்ஞானி. பத்து நாள் முன்பு இதே சக்கரம் பஞ்சரானபோது ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். கழற்றிய சக்கர மூடியை மல்லாக்கப் போட்டு, அதில் நட்டுகளை வைத்துக்கொண்டு, அவற்றை ஏன் குறுக்கே குறுக்கே முடுக்க வேண்டும் என்று விளக்கினார். வேலை அரை மணி நேரம், சொற்பொழிவு இரண்டு மணி நேரம்.

அவள் போனை எடுப்பதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி, இரண்டு தெரு தள்ளியிருந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். வாய்க்குப் பூட்டுப் போட்ட மனிதர்.

"யாரு ஓட்டுறது?" என்றார்.

வகுப்பில் குறும்பு செய்து மாட்டிக்கொண்டவள் போல என் மனைவி கையைத் தூக்கினாள்.

"அப்ப நீங்களே ஓட்டுங்கக்கா. மெதுவா. நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்."

"ஆக்ஸில் போன வண்டியையா?" என்றார் விஞ்ஞானி. ஆனாலும் பின் இருக்கையில் என்னோடு ஏறிக்கொண்டார். தன் தீர்ப்பு நிறைவேறுவதை நேரில் பார்க்க வேண்டுமே.

நீண்ட மதில் ஓரமாகக் கார் ஊர்ந்தது. கட... கட... கட. மதிலில் பட்டுத் திரும்பிய சத்தம் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"முறுக்கு விசை அதிகமாகும்போது..." என்று தொடங்கினார் விஞ்ஞானி.

"சார், சத்தம் கேக்கும்போது சத்தம் போடக் கூடாது" என்றார் மெக்கானிக்.

இடப்பக்கம் முழுக்கத் திருப்பச் சொன்னார். அதே கட கட. வலப்பக்கம், அதேதான். பிரேக்கை லேசாக அழுத்தச் சொன்னார். மாற்றமில்லை.

"இப்ப நேரா, நாப்பது வரைக்கும் போங்க."

"நாப்பதா?" என் மனைவியின் விரல்கள் ஸ்டியரிங்கை நெரித்தன. முப்பதில் சத்தம் படபடத்தது. நாற்பதில் சட்டென்று நின்றுவிட்டது.

வேகத்தைக் குறைத்ததும் மறுபடி கட கட.

மெக்கானிக் சிரித்துவிட்டார். "ஆக்ஸில் கெட்டுப்போனா திருப்பும்போது காட்டிக்கொடுத்துடும். பேரிங் போனா வேகம் ஏற ஏற ஊளையிடும். இது உள்ள சும்மா கிடந்து உருளுற ஏதோ ஒண்ணு, வேகத்துக்குப் பயந்து ஓரமா ஒட்டிக்குது. நிறுத்துங்கக்கா."

எல்லோரும் இறங்கினோம். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் சக்கர மூடியை நெம்பினார். டங் என்று ஏதோ சாலையில் விழுந்து உருண்டு, விஞ்ஞானியின் செருப்பருகே போய் நின்றது. ஒரு நட்டு. சக்கரத்தில் போல்ட் ஐந்து, நட்டு நான்கு.

"யாரோ மூடியில நட்டை வச்சுக்கிட்டு மாட்டியிருக்காங்க. ஒண்ணை எடுக்க மறந்து அப்படியே அடிச்சு மூடிட்டாங்க" என்றார் மெக்கானிக். "யாருங்க கடைசியா மாட்டுனது?"

நானும் என் மனைவியும் திரும்பிப் பார்த்த திசையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"மெக்கானிக்கலா பார்த்தா நாலே போதும்" என்றார் விஞ்ஞானி. "அஞ்சாவது ஒரு முன்னெச்சரிக்கைதான்."

"ஆமா சார். அதைத்தான் பத்திரமா உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க."

என் மனைவி முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு பொத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வர, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நான் எதையும் உடைக்கலையா?"

"நீங்க என்னத்தக்கா உடைச்சீங்க? நல்லாத்தான ஓட்டுறீங்க" என்றபடி மெக்கானிக் ஐந்து நட்டுகளையும் குறுக்கே குறுக்கே முடுக்கினார். விளக்கவுரை இல்லாததால் வேலை மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அவரை அவர் கடையில் இறக்கிவிட்டு அவளே வீட்டுக்கு ஓட்டிவந்தாள். வாசலில் திருப்பும்போது இடது சக்கரம் நடைபாதை மேல் ஏறி, தொப்பென்று இறங்கியது. ஒரு கணம் மூச்சைப் பிடித்தவள், கண்ணாடி வழியாகப் பின் இருக்கையைப் பார்த்தாள்.

"ஏதாவது சத்தம் வருதா அத்தான்?"

விஞ்ஞானி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லம்மா."

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்குக் கிளம்பறேன்" என்றாள் என்னிடம். சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைக்கவில்லை. கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.