கண்ணாடியிடம் பேசிய குரல்

தினமும் காலையில் கண்ணாடியைப் பார்த்து, "நான் நல்லவ, என்னால முடியும்"னு சொல்லு, எல்லாம் சரியாயிடும் என்று அக்கா சொன்னாள். அக்காவுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தங்கச்சியும் தினம் கண்ணாடி முன்னால் நின்று விடாமல் சொல்லிப் பார்க்கிறாள். எழுந்திருக்கும்போதே செத்துப்போகலாம் போலிருப்பது மட்டும் மாறவில்லை.

அவளுக்கு வேலை, புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்களிடம் போனில் பேசுவது. நாளெல்லாம் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, "கவலைப்படாதீங்க சார், உடனே சரி பண்ணிடுறோம்" என்று தேன் ஒழுகச் சொல்ல வேண்டும். ஒரு மண்ணும் சரியாகாது என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இன்று குளியலறையில், "என்னால முடியும்" என்றபோது காதில் சுரீரென்று உறைத்தது. அதே குரல். அதே தேன். இத்தனை நாளும் தன்னையே ஒரு புகார்க்காரியாக்கி, நைசாகப் பேசிப் போனை வைக்கப் பார்த்திருக்கிறாள்.

வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு மூக்கு ஒழுக அழுதாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"போதும்டி, மூஞ்சியைக் கழுவு."

கரகரவென்று, எரிச்சலோடு வந்தது அந்த அதட்டல். அவளுடைய சொந்தக் குரல். கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

மறுபேச்சு பேசாமல் குழாயைத் திறந்தாள்.