குழவிக்கல் இளைத்த ஞாயிறு

1

இந்தக் கதை ஒரு வடையிலிருந்து வந்தது. ஹட்டன் பஸ் நிலையத்தில் வடை சுற்றித் தந்த தாளில் ஒரு விளம்பரம் இருந்தது. இடப்பக்கம் ஒரு பருத்த பெண்ணின் படம். வலப்பக்கம் அதே பெண், மெலிந்து. நடுவில் ஒரு மாவு டின். வடையின் எண்ணெய் வலப்பக்கத்துப் பெண்ணின் மேல் ஊறி அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் ஆக்கிவிட்டது. பருத்த பெண்ணும் டின்னும் மட்டும் மிஞ்சினார்கள்.

அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் தீர எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

மலைமுகடுகளை மேகம் தழுவிய அந்தக் காலைப் பொழுதில் மார்கிரட் –

வேண்டாம். இந்தப் பக்கத்தில் மேகம் எப்போதும் எதையாவது தழுவிக்கொண்டுதான் இருக்கிறது. மார்கிரட்டின் எடையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. (மழைக்குச் சம்பந்தம் உண்டு. அது பின்னால் வரும்.) இரண்டாவது முயற்சி:

மார்கிரட் குண்டு என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே –

பொய். எல்லாரும் நேரேதான் சொன்னார்கள். சொல்லாத ஒரே ஆள் மத்தியாஸ். அந்த ஒருவரை வைத்துத்தான் இவ்வளவு தொல்லையும்.

2

மூன்றாவது முயற்சியில் விவரங்களை மட்டும் வைக்கிறேன்.

ஆண்டு 1985. இடம், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மார்கிரட் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், வயது முப்பத்தொன்று. அவள் தங்கை பிலோமினா பேராதனையில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கி, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லும் பெண். மத்தியாஸுக்கு ராகலையில் மரக்கறிக் கடை. மார்கிரட்டை ஒரு கோயில் திருவிழாவில் பார்த்து, வீட்டில் சொல்லி, தாயைப் பெண் பார்க்க அனுப்பினார்.

தாய் வந்தார். மார்கிரட் செய்த கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"புள்ள நல்ல புள்ளதான். கொஞ்சம் எளைச்சா இன்னும் நல்லா இருக்கும். எழுபது கிலோவுக்குக் கீழ வரட்டும். மாதா திருநாள் முடிய வந்து தேதி குறிச்சுக்குவோம்."

இன்னும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

பிலோமினாவுக்குக் கோபம் வந்தது. மார்கிரட்டுக்கு வரவில்லை. இங்கேதான் இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடாமல் போனது. கோபப்படவேண்டிய இடத்தில் அவள் தட்டைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, "அவருக்கு மூக்கு கொஞ்சம் கோணல்டி, சிரிச்சா நல்லா இருக்கு" என்றாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை அடித்துவிட்டு வேறு எழுதிப் பார்த்தேன். கதை நகரவில்லை. திரும்ப எழுதிவிட்டேன்.

3

மார்கிரட் கொழும்புக்கு எழுதி டின்னை வரவழைத்தாள். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் இரண்டு கரண்டி மாவைச் சுடுநீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பகலில் 'மிதமான உணவு'. எது மிதம் என்று டின்னில் போடவில்லை.

பிலோமினா டின்னைத் திறந்து முகர்ந்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"பால்மாவும் சீனியும்க்கா. கொஞ்சம் வனிலா. கலோரிய எண்ணிச் சாப்பிட்டா இது எதுக்கு? உள்ள போறது குறைஞ்சா உடம்பு குறையும். அவ்வளவுதான் விஞ்ஞானம்."

"உன் விஞ்ஞானத்துல படம் இல்லையேடி. இதுல படம் போட்டுருக்கான்."

எடை பார்க்க வேண்டும். டிஸ்பென்சரித் தராசு உடைந்து, போன வருடமே கொழும்புக்குப் போனது. இன்னும் திரும்பவில்லை. தோட்டத்தில் ஒரு ஆளைத் தாங்கக்கூடிய மற்றத் தராசு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், மடுவத்தில், தொங்குவது. அதைக் கையாள்பவர் கணக்கப்பிள்ளை இக்னேசியஸ். பக்கத்து வீட்டுக்காரர், நல்ல மனிதர், பாடற்குழுவில் கட்டைக்குரல். ஒரு பலகையில் கயிறு கட்டி ஊஞ்சல் மாதிரிக் கொக்கியில் மாட்டித் தந்தார்.

(தெரியாதவர்களுக்கு: அந்தத் தராசுக்கு முகம் ஒரு பக்கம்தான். அது கணக்கப்பிள்ளையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கொழுந்து கொண்டு வருகிறவர்களுக்குத் தெரிவது முதுகு. அவர் வாயால் சொல்லும் எண்தான் எடை.)

ஞாயிற்றுக்கிழமைகளில் கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிற பெண்கள் பகல் நிறுவைக்கு மடுவத்தில் நிற்பார்கள். பூசை முடிந்து மார்கிரட்டும் அங்கே போய்ப் பலகையில் ஏறி உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மாவ எந்த மலையில எடுத்தீங்க ஐயா?" என்று கேட்டாள் ராக்காயி. வரிசையில் அவள்தான் எப்போதும் முன்னால். "நல்ல கொழுந்தாத்தான் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மார்கிரட்டும் சிரித்தாள். பிலோமினா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுபத்திநாலு" என்றார் இக்னேசியஸ்.

அது சித்திரை, நல்ல வெயில். டின் தீரும்போது மழை இறங்கிவிட்டது. கடைசி ஞாயிறு மார்கிரட் நனைந்துகொண்டு வந்து பலகையில் ஏறினாள்.

"எழுபத்தொண்ணு."

ராக்காயி கன்னத்தில் கை வைத்தாள். "அந்த டின்னுல என்னதான் இருக்கு டீச்சரம்மா?"

"ரெண்டு வேளைக்குச் சோறு, ரொட்டி கெடையாது. மாவுத் தண்ணிதான்."

"அட, கூப்பன் காலத்துல இந்தத் தோட்டமே அந்தத் திட்டத்துலதானே இருந்துச்சு. டின்னு மட்டும்தான் யாரும் குடுக்கல."

(இந்த இடத்தில் எழுபத்துநாலாம் ஆண்டின் பசியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். கோபமான, நல்ல பக்கங்கள். ராக்காயி இதைச் சொல்லி முடித்தபின் அவை தேவைப்படவில்லை. எடுத்துவிட்டேன். அது பற்றியும் எரிச்சல்தான்.)

4

டின் தீர்ந்தது. இப்போது பிலோமினாவின் முறை.

அவளிடம் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு கலோரி அட்டவணை இருந்தது. அதில் ஓட்ஸ் கஞ்சி இருந்தது, பன்றி வற்றல் இருந்தது, ஆப்பிள் இருந்தது. கோதுமை ரொட்டி இல்லை, கட்டைச் சம்பல் இல்லை, மாசி போட்ட கிழங்குக் கறி இல்லை. இந்த மலையில் யாரும் சாப்பிடுகிற எதுவும் அதில் இல்லை. மாவை அளந்து, தேங்காயை அளந்து, ரொட்டிக்கு அவளே ஒரு கணக்குப் போட்டாள். மார்கிரட் சாப்பிடும்போது எதிரில் பென்சிலோடு உட்கார்ந்தாள்.

"அடியே, முழுங்குறதையாவது பாக்காம இரு."

"அந்தச் சம்பல்ல எண்ணெய் விட்டியா?"

"ஒரு சொட்டு."

"எத்தன மில்லி?"

"உன்னக் கட்டிக்கப் போறவன் பாவம்டி." மார்கிரட் சிறிது நேரம் மென்றாள். "சரி, ஒண்ணு கேக்குறேன். பூசையில நன்ம அப்பம் வாங்குறோமே, அதுக்கு எத்தன கலோரி?"

பிலோமினாவின் பென்சில் நின்றது. அதை மாவு என்று எழுதினால் ஞானோபதேசம் தப்பு. எழுதாமல் விட்டால் கூட்டல் தப்பு.

"அது வாரத்துக்கு ஒண்ணுதானே" என்றாள் கடைசியில்.

"அப்ப உன் கணக்குலயும் ஓட்டை இருக்கு."

அந்த மாதம் மார்கிரட் உண்மையாகவே குறைத்துச் சாப்பிட்டாள். வகுப்பில் தலை சுற்றி மேசையைப் பிடித்துக்கொண்டாள். மாதக் கடைசியில் மழை விட்டு ஒரு வாரம் வெயில் அடித்தது. அந்த ஞாயிறு பலகையில் ஏறினாள்.

"எழுபத்திமூணு" என்றார் இக்னேசியஸ்.

இரண்டு கிலோ கூடியிருந்தது. மார்கிரட் பலகையிலிருந்து இறங்கினாள். வீட்டுக்குப் போய் இரண்டாவது டின்னுக்கு எழுதிப் போட்டாள்.

5

கதை இந்த இடத்தில் பல நாள் நின்றது. பிலோமினாவைப் பாடப்புத்தகங்களை எரிக்க வைக்கலாமா என்று யோசித்தேன். அவள் எரிக்கிற ஆள் இல்லை. பாடத்தில் ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: அளவு முரண்டு பிடித்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு.

சாப்பிடாத, குடிக்காத, கல்யாணம் பேசாத ஒரு பொருள் வேண்டும். அம்மியிலிருந்து குழவியை எடுத்தாள். நல்ல கருங்கல். கயிற்றில் கட்டி, அந்த வெயில் நாளிலேயே, அக்காவுக்குத் தெரியாமல் மடுவத்துக்குத் தூக்கிப் போனாள்.

"இது எதுக்குத் தங்கச்சி?" என்றாள் ராக்காயி. "இதுவும் கல்யாணத்துக்கு நிக்குதா?"

"ஒம்பது" என்றார் இக்னேசியஸ், வரிசையைப் பார்த்தபடியே.

அடுத்த ஞாயிறு கொட்டும் மழை. குழவியைத் திரும்பவும் கொக்கியில் மாட்டினாள்.

"ஆறு."

கல் மூன்று கிலோ இளைத்திருந்தது.

பிலோமினா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆளின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, முள்ளு எதுல நிக்குது?"

"பதினொண்ணுல."

"ஏன் ஆறுன்னீங்க?"

"சாக்குக்கு ரெண்டு, மழைத் தண்ணிக்கு மூணு. வழமையா வெட்டுறதுதானே." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "வெயில்னா சாக்குக்கு மட்டும்."

"கல்லுக்கு ஏதுண்ணே சாக்கு?"

இக்னேசியஸ் கல்லைப் பார்த்தார். பிறகு மார்கிரட்டுக்காகக் கயிறு கட்டி ஓரமாக வைத்திருந்த பலகையைப் பார்த்தார்.

"வாய்க்குப் பழகிப் போச்சு தங்கச்சி" என்றார். "முள்ளப் பாத்ததும் அதுவா வெட்டிக்குது."

ராக்காயி தன் சாக்கை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

பிலோமினா நடந்து வரும்போதே கணக்கை முடித்தாள். வெயிலுக்கு இரண்டு, மழைக்கு ஐந்து கூட்டினால், டின்னுக்கு முன்னும் பின்னும் மார்கிரட் எழுபத்தாறு. கலோரி எண்ணிய மாதம் முடிந்தபோது எழுபத்தைந்து. டின் குறைத்தது ஒன்றுமில்லை. விஞ்ஞானம் ஜெயித்திருந்தது, ஒரு கிலோவால். ஒரு மாதப் பட்டினிக்கு, தலை சுற்றலுக்கு, ஒரு கிலோ. சந்தோஷப்பட்டுப் பார்த்தாள். வரவில்லை.

6

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னாள். (அவளைச் சொல்ல வைக்காமல் கதையை இன்னும் நாலு பக்கம் இழுத்திருக்கலாம். அப்படி இழுக்கிற கதைகள்மேல் எனக்குக் கோபம்.)

"அக்கா, அந்த டின்னால நீ ஒண்ணும் குறையல."

"தெரியும்."

"எப்புடி?"

"பாவாட நாடா அதே எடத்துலதாண்டி முடிச்சு விழுது."

"அப்ப ஏன் ரெண்டாவது டின்னுக்கு எழுதுன?"

மார்கிரட் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அந்த மாமி கேக்குறது என் உடம்பயா? ஒரு நம்பரக் கேக்குறாங்க. டின்னு குடிச்சேன், எழுபத்தொண்ணுன்னு எழுதினேன். சந்தோசமாப் பதில் போட்டுருக்காங்க. நாடாவப் பத்தி எழுதச் சொல்றியா?"

"அது மழையோட நம்பர்க்கா."

"மழை பெய்யுற ஊர்லதானே நானும் இருக்கேன்."

"அவரு என்ன சொல்றாரு?"

"கேக் நல்லா இருந்துச்சான்னு அம்மாகிட்ட கேட்டாராம். அவருக்கு மிச்சம் கொண்டுபோகலையாம்." மார்கிரட் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எனக்கு அந்த வீடு வேணும்டி. நீ குறுக்க நிக்காத."

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் மார்கிரட் டின்னைக் தண்ணீர்க் கானுக்குள் எறிந்துவிட்டு, என்னை நிறுத்துப் பார்க்கும் வீடு எனக்கு வேண்டாம் என்கிறாள். நல்ல வசனம். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவள் என் தாளை விட்டு இறங்கிப் போய் ராகலை பஸ்ஸுக்கு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் பெண்கள் சாக்குகளை இறக்கி வைத்துவிட்டு மடுவத்தை மறிக்கிறார்கள், தோட்டமே திரளுகிறது, துரை இறங்கி வருகிறார், வெட்டு நிற்கிறது. எழுதும்போது எனக்கே கை தட்டத் தோன்றியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. தவிர, அதில் மார்கிரட் என்ன ஆனாள் என்று பார்க்க மறந்துபோயிருந்தேன்.

மிஞ்சியது இதுதான்.

மாதா திருநாள் முடிந்த ஞாயிறு. மழை. மத்தியாஸின் தாய் பூசைக்கே வந்துவிட்டார். நிறுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"நானும் பாக்குறேனே. எழுபதுக்குக் கீழன்னா இப்பவே தேதி சொல்லிட்டுப் போறேன்."

மார்கிரட் பலகையில் ஏறினாள். தகரக் கூரையில் மழை சத்தமாக விழுந்தது. இக்னேசியஸ் முள்ளைப் பார்த்தார். வழமையாக உடனே சொல்லிவிடும் மனிதர், வாயைத் திறந்து மூடினார். பிலோமினாவைப் பார்த்தார்.

பிலோமினாவுக்குப் பின்னால் வரிசை. நனைந்த சாக்குகள். ராக்காயி முன்னால்.

"சொல்லுங்க ஐயா" என்றாள். "டீச்சரம்மாவுக்கு என்ன கணக்கோ அதே கணக்கு எங்களுக்கும். வெட்டுனா வெட்டுங்க. வெட்டலேன்னா யாருக்கும் வெட்டாதீங்க."

"என்ன வெட்டுறது?" என்றார் மத்தியாஸின் தாய்.

மார்கிரட் தங்கையைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. டீச்சர் வகுப்பில் பார்க்கிற பார்வைதான்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. முள் நிற்கிற இடத்தை எழுதினால் ராக்காயியின் சாக்கில் ஐந்து கிலோ திரும்பும், மார்கிரட்டின் தேதி போகும். வெட்டி எழுதினால் தேதி வரும், மற்றது வழமைபோல் நடக்கும். இரண்டையும் எழுதி அருகருகே வைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அதனால் ஒன்று செய்தேன். தராசைக் கொக்கியிலேயே வைத்துத் திருப்பிவிட்டேன். இப்போது அவர்கள் எல்லாருக்கும், இக்னேசியஸுக்கும், தெரிவது முதுகு. முகம் உங்கள் பக்கம் இருக்கிறது.

எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள், மழை பெய்கிறது. மார்கிரட் கால் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நெடுநேரம் அப்படி இருக்க முடியாது.