ஏழாம் வட்டாரத்தில் ஒரு தலை குறைகிறது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கதையல்ல, கட்டுரை. எங்கள் கிராமச் சங்கம் மலர் போடுகிறதாம். 'வட்டார எல்லைகளும் சனத்தொகையும்' என்று நாலு பக்கம் எழுதித் தரட்டாம். தலைப்பைக் கேட்டதுமே எனக்குக் கொட்டாவி வந்தது. ஆனால் எழுதுகிறவரின் படமும் போடுவோம் என்றார்கள். ஒத்துக்கொண்டேன்.

முதல் வசனம் இப்படி வந்தது:

குடிசனக் கணக்கு எடுத்து முடிந்தபின், ஆட்கள் கூடிய வட்டாரத்தைப் பிரித்தும் குறைந்த வட்டாரத்தை அயல் வட்டாரத்தோடு சேர்த்தும் எல்லைகளைத் திரும்பக் கீறுவது யாதெனில்

யாதென்று எனக்கே தெரியவில்லை. அந்த வசனம் அப்படியே நிற்கிறது. வேண்டியவர்கள் எடுத்து முடித்துக்கொள்ளலாம். நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். அங்கே மனைவி உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் ஏழாம் வட்டாரத்து யோகம்மாவின் ஞாபகம் வந்தது. கட்டுரை அன்றோடு சரி.

2

தொடக்கம், முதலாம் முறை:

"கடலலைகள் ஓயாது மோதும் அந்தத் தீவின் மேற்குக் கரையிலே..."

வேண்டாம். தீவென்றால் கடல் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

இரண்டாம் முறை. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற வீதியில், பஸ் திரும்புகிற இடத்துக்குச் சற்று முன்னால் இருப்பது ஏழாம் வட்டாரம். (ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆட்கள் வீட்டுக்கு வந்து விளக்கம் கேட்பார்கள்.) அங்குள்ள ஆண்களில் முக்கால்வாசிப்பேர் கண்டியிலும் பதுளையிலும் கொழும்பிலும் கடை வைத்திருக்கிறார்கள். வரும் நாளை முன்கூட்டி அறிவிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஊர் நினைப்பு வந்தால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஏறிவிடுவார்கள். எந்த பஸ்ஸிலும் வந்து இறங்கலாம். அவ்வளவு தூரம் வந்த மனிதனைப் பசியோடு இருத்தலாமா? ஆகவே உலை வைக்கும்போது அவருக்கும் ஒரு சுண்டு அரிசி சேர்த்துப் போடுவது அந்த வட்டாரத்துப் பெண்களின் பழக்கம். சுண்டு என்பது அளக்கிற தகரப் பேணி. ஆள் வராவிட்டால் அந்தச் சோற்றுக்கு இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழஞ்சோறாகச் சாப்பிடுவார்கள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

எழுபத்தோராம் ஆண்டு குடிசனக் கணக்கெடுக்க அந்த வட்டாரத்துக்கு வந்தவர் அம்பலவாணர் வாத்தியார். நல்ல மனிதர், வெயில்தான் ஆகாது. அவர் கேட்க வேண்டிய கேள்வி மிக நீளம்: இன்னின்ன இரவு இந்த வீட்டில் தங்கியவர்கள் யார் யார், தற்காலிகமாக வெளியே போனவர்கள் யார், நிரந்தரமாகப் போனவர்கள் யார். முதல் இரண்டு வீட்டிலும் முழுதாக வாசித்தார். பெண்கள் பதிலுக்கு மாமன் மச்சான் வரலாறெல்லாம் சொன்னார்கள். மூன்றாம் வீட்டில் வாத்தியார் கேள்வியைச் சுருக்கிவிட்டார்: எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள்?

பெண்கள் உண்மையைத்தான் சொன்னார்கள்.*

(* இதைப் பொய்க் கணக்கு என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை. சோறு உண்மை. ஆள்தான் பதுளையில்.)

அயல் வட்டாரங்கள் எல்லாம் மெலிந்துபோய் நிற்க, ஏழாம் வட்டாரம் மட்டும் கணக்கில் கொழுகொழுவென்று நின்றது. கிராமச் சங்கத்தில் அதன் அங்கத்தவரான கதிர்காமுவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அவருக்குப் பதவி ஆசை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் காரணம் வேறு. வட்டாரத்துக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு என்று சங்கம் தீர்மானித்திருந்தது. ஆறாம் வட்டாரத்தில் ஏற்கெனவே ஒன்று உண்டு. ஏழாம் வட்டாரத்துப் பெண்கள் வெயிலில் குடத்தோடு அங்கேதான் போய், அந்தப் பக்கத்தார் அள்ளி முடியும்வரை நிற்கிறார்கள். ஏழு என்று ஒரு வட்டாரம் இருந்தால் கிணறு வரும். ஆறோடு சேர்த்துவிட்டால், உங்களுக்குத்தான் ஒன்று இருக்கிறதே என்பார்கள்.

பக்கத்து வட்டாரத்தார் சும்மா இருப்பார்களா? பகலில் காகம் கூடப் பறக்காத இடத்தில் இவ்வளவு சனம் எங்கே ஒளித்திருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். நேரில் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்தர் ஒருவர் வருவதாயிற்று. ஒரு வருசத்துக்குள் ஊருக்கு வந்துபோன ஆணைக் கணக்கில் விடுவார், வராதவரை வெட்டுவார். அதுதான் ஏற்பாடு. கதிர்காமு ஒவ்வொரு வீடாக விரல் மடித்துப் பார்த்தார். எல்லாரும் திருவிழாவுக்கு வந்தவர்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவரையும் சேர்த்தால் வட்டாரம் தப்பும். வெட்டினால் தனி வட்டாரத்துக்கு வேண்டிய தொகையில் ஒரு தலை குறையும், வட்டாரம் போய்விடும்.

4

அந்த ஒருவர் அரியநாயகம், யோகம்மாவின் புருசன். பதுளையில் கடை. பிள்ளைகள் இல்லை. நாலு வருசமாக வரவில்லை, கடிதமும் நின்றுவிட்டது. சுகமாக இருக்கிறார், தொந்தி வைத்துவிட்டது என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். வேறு ஏதோவும் சொல்கிறார்கள். யோகம்மா கிட்ட வந்ததும் மழையைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

முதல் பிரதியில் இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். [ஓம், நிசத்தில் ஒருத்தி இருக்கிறாள். பெயர் மட்டும் நான் வைத்தது.] அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமலே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் எங்கை அழுதனான்? நாலு வருசமாக் காலமையில அந்தாளின்ரை பங்கையும் பழஞ்சோறாத் திண்டு கொழுத்துப்போனன். அதை எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். ஆனாலும் ஆள் அவ்வளவு கல் அல்ல. அந்த வருசத் திருவிழாவுக்கு, கொடியேற்றத்திலிருந்து தேர்வரைக்கும், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாசல் படலையடிக்கு வந்து நின்றிருக்கிறாள். தேருக்கு அடுத்த நாள் தன் பங்கான ஒரு சுண்டு அரிசியோடு நிறுத்திவிட்டாள். அன்றைக்கு நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கிப்போயிற்று என்றாள். பகலில் பாய் போட்டு நிம்மதியாக நித்திரை கொண்டாளாம்.

5

கதிர்காமுவுக்கு இது தெரியாது. உத்தியோகத்தர் வருவதற்கு முதல் நாள் வந்து, முற்றத்து முருங்கையைப் புகழ்ந்தார், ஆட்டின் சுகம் விசாரித்தார், பிறகு விசயத்துக்கு வந்தார். திருவிழாவுக்கு அரியநாயகம் வந்துபோனவர் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வட்டாரமே அவளுடைய வாயில்தான் இருக்கிறது.

"ஓமெண்டு மட்டும் சொல்லு பிள்ளை."

இந்த நாலு வருசத்தில் அவர் வந்தாரா என்று யாராவது தன்னிடம் வந்து கேட்டார்களா என்று யோகம்மா கேட்டாள். கதிர்காமு திரும்பவும் முருங்கையைப் பார்த்தார். பிறகு அவள் கேட்டதை நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை:

"அண்ணை, உங்கடை கிணத்துக்காக நான் இன்னும் எத்தினை வருசம் அந்த மனிசனுக்கு உலை வைக்கிறது?"

"கிணறு உனக்கும்தானே பிள்ளை" என்றார் அவர்.

இந்த இடத்தில் எனக்குக் கதிர்காமுவின் மேல் கோபம் வந்திருந்தால் கதை எழுதச் சுகமாக இருந்திருக்கும். வரவில்லை. அவருடைய மனைவி முழங்கால் வீக்கத்தோடு அதே குடத்தைத்தான் சுமக்கிறாள். யோகம்மாவும் அவளோடுதான் தினமும் நடக்கிறாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

6

உத்தியோகத்தர் மத்தியானம் வந்தார். பெயர் சந்தியோகு, நெடுந்தீவு ஆள். (முதலில் இவரைக் கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தேன், கண்ணாடியும் முசுட்டுக் குணமும் கொடுத்து. அப்படி ஒருவரென்றால் யாரும் இலகுவாக ஏமாற்றிவிடலாம், அதனால் மாற்றினேன்.) குசினிக்கு வெளியே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. யோகம்மா சுண்டோடு நின்றாள். சந்தியோகுவின் தாயும் இப்படி யாருக்கோ அரிசி சேர்த்துப் போட்டவள்தான். அதனால் அவர் திருவிழாவைப் பற்றி விசாரிக்கவில்லை. பேனையைத் திறந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்:

"அக்கா, எத்தினை பேருக்குப் போடப் போறியள்?"

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) பஸ் சத்தம் கேட்கிறது. தொந்தியும் சூட்கேசுமாக அரியநாயகம் இறங்குகிறார். இதை வாசித்துக் காட்டியபோது யோகம்மா சிரித்த சிரிப்பில் நானே கிழித்துப் போட்டேன்.

(ஆ) இரண்டு பேருக்கு என்கிறாள். கிணறு வெட்டுகிறார்கள், நல்ல தண்ணீர் வருகிறது. அவள் தினமும் அள்ளுகிறாள், தினமும் இரண்டு சுண்டு போடுகிறாள், பஸ் சத்தம் கேட்டால் படலையைப் பார்க்கிறாள். எனக்கு இதை எழுதக் கை வரவில்லை.

(இ) எனக்கு மட்டும்தான் ஐயா என்கிறாள். அன்றைக்கும் நன்றாக நித்திரை கொள்கிறாள். விடிந்ததும் கதிர்காமுவின் மனைவி குடத்தோடு படலையில் நிற்கிறாள். இருவரும் ஆறாம் வட்டாரத்துக்கு நடக்க

இதையும் முடிக்க ஏலாது.

7

ஆனால் ஒன்று கவனித்தேன். ஏழாம் வட்டாரத்துக்கு வேண்டியது ஒரு தலை. அது அரியநாயகத்தின் தலையாகத்தான் இருக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரமும் இந்த முற்றத்தில்தான் நிற்கிறீர்கள். யோகம்மா கண்டுவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் வந்த ஆளை யாரென்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. சந்தியோகுவும் நிமிர்ந்து பார்க்கிறார். இங்கேதான் இருக்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்னால், அவள் பொய் சொல்ல வேண்டாம், அந்த மனிதனுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், கிணறும் வரும். ஆனால் சொன்னால் இருக்க வேண்டும். வெயிலுக்கும் உவர்த்தண்ணீருக்கும் கிராமச் சங்கக் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான். வந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிற ஆட்களை அவள் ஏற்கெனவே கண்டிருக்கிறாள்.

யோசியுங்கள், அவசரமில்லை. பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டுச் சாரதி தேத்தண்ணீர் குடிக்கிறார். என்னைப் பார்க்காதீர்கள், நான் அதில் போகிறவன், மலருக்குக் கட்டுரை கொடுக்க வேண்டும்.

அவள் ஒரு சுண்டை உலையில் போட்டுவிட்டாள். இரண்டாவதை நிறைத்து, அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறாள்.