தடம் பார்த்தவன் பங்கு

கூடப் பிறந்தவள் வந்து ஒன்றைக் கேட்டால், "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்கிற பழக்கம் மாயாண்டிக்குக் கிடையாது. தங்கச்சி பஞ்சாலை, தோட்டக் கூலிகளின் வரிசை வீடான அதே லயத்தில் அடுத்த வீட்டில் இருந்தாள். பாராங் கத்தி வேண்டும் என்பாள், எடுத்துக் கொடுப்பான். உப்பு வேண்டும் என்பாள். சப்பான்காரன் காலத்து உப்பு, தங்கத்துக்குச் சமானம். அதையும் சிரட்டையோடு நீட்டிவிடுவான். பெண்டாட்டியைப் பறிகொடுத்துத் தனிக்கட்டையாகக் கிடந்தவனுக்கு உறவென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவள் புருஷன் அர்ச்சுனன் வேட்டையில் மாயாண்டிக்குக் கூட்டாளி. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் என்று ரெம்பாவ் ஊருக்குப் போகிற சடக்கோரத்து ரப்பர்த் தோட்டம் முழுக்கப் பேச்சு. ஊர்ப் பேச்சுக்கு என்ன, காசா பணமா, பேசிவிட்டுப் போவார்கள்.

வெள்ளைக்காரத் துரை இருந்தபோது, பன்றி வந்து பால்மரக் கன்றுகளைக் கிளறிப் போட்டால் முதலில் ஆள் வருவது மாயாண்டியிடம்தான். துப்பாக்கி துரை கையில் இருக்கும், தடம் மாயாண்டி கண்ணில் இருக்கும். அந்த வேட்டைக்கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சுட்டவனுக்கோ குத்தினவனுக்கோ தலை. நாய்களுக்குக் குடல். தடம் பார்த்தவனுக்கு ஈரல். மீதியெல்லாம் லயத்துக்குப் பொது. கறி பிரிக்கிற இடத்தில் மண்டை உடைகிற சண்டை வந்தாலும் ஈரல் மட்டும் தடம் பார்த்தவன் வீட்டுக்குப் போய்விடும். அதை மாற்றிக் கொடுத்தால் முனியாண்டி கோபப்பட்டு அடுத்த தடத்தை அழித்துவிடும் என்று எல்லாருக்கும் பயம்.

தோட்டத்தை ஒட்டிய காட்டில் ஒரு பன்றி இருந்தது. பன்றி என்று நான் சொல்கிறேன், மாயாண்டி சொல்லமாட்டான். 'பெரியவர்' என்பான். 'பெரியவர் நேத்து ஓடைப் பக்கம் போயிருக்காரு' என்பான். பன்றிக்கு மரியாதை கொடுக்கிறான் பாரு கிறுக்கன் என்று லயமே சிரிக்கும். சிரித்த எவனும் அதன் முன்னால் நின்று பார்த்தவன் இல்லை. மாயாண்டி பார்த்தவன். ஒரு வேட்டையில் ஓடைப் பள்ளத்தில் கால் இடறி விழுந்தவனின் தொடையை அது ஒரே கிழியாகக் கிழித்துவிட்டது. ஈட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இன்னொரு தரம் தலையை ஆட்டியிருந்தால் அன்றைக்கே பால் தெளித்திருக்க வேண்டும். அது மூச்சிரைக்க அவனைப் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு திரும்பி, அவசரமே இல்லாமல் நடந்து போய்விட்டது.

புண் ஆறிக் கால் விந்தி விந்தி நடக்க ஆரம்பித்ததும் அவன் செய்த முதல் காரியம், தோட்டத்து எல்லையில் இருந்த முனியாண்டி கல்லின் முன்னால் சூடம் கொளுத்தி அந்தப் பன்றியை நேர்ந்து விட்டது. கோயிலுக்குக் கிடாயை நேர்ந்து விடுவார்களே, அதுபோல. விழுந்தவனைக் கொல்லாமல் விட்ட மிருகம் இது, தானாகச் சாகிற வரைக்கும் என் கையாலும் என் கூட்டாளி கையாலும் சாகாது என்று சத்தியம் பண்ணினான். அவனுக்கு அடுத்து அந்தச் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவன் அர்ச்சுனன். அதைப் பார்த்த சனங்கள் இன்னும் இருக்கிறார்கள், நான் இட்டுக்கட்டவில்லை.

பிறகு துரை ஓடினான், சப்பான்காரன் வந்தான். துப்பாக்கியெல்லாம் பறிபோயிற்று. அரிசி போயிற்று. வேட்டை நாய்கள் பசியில் ஒவ்வொன்றாகச் செத்தன. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அந்தக் காலத்தில் கட்டியிருந்த துணியும் சேர்ந்து பறந்தது. சனங்கள் சாக்கைத் தைத்து மானத்தை மறைத்தார்கள். ஒரு வேட்டியை இரண்டு வீட்டார் மாற்றி மாற்றிக் கட்டினார்கள். வெளியூர் போகிறவன் நாலு வீடு ஏறி இறங்கித் துணி இரவல் வாங்கித்தான் போவான். மாயாண்டியிடம் மட்டும் முழுசாக ஒரு சட்டை இருந்தது. துரை ஓடுகிற அவசரத்தில் விட்டுப்போன காக்கிச் சட்டை. காட்டுக்குப் போகும்போது மட்டும் போடுவான். சவுக்காரம் காட்டாமல் ஓடைத் தண்ணீரில் அலசி அடுப்புப் புகையில் காயவைப்பான். அவன் வேர்வையும் புகையும் அதில் ஊறிக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு மோந்தாலும் இது மாயாண்டி என்று சொல்லிவிடலாம்.

பெரியவருக்கும் வயதாகிவிட்டது. கோரைப்பல் ஒன்று முறிந்து, மற்றது தேய்ந்து, இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, மண்ணைக் கிளறக்கூட மூக்கில் வலுவில்லாமல் சேற்றுக்குழியே கதி என்று கிடந்தது. மாயாண்டி தன் கொல்லையில் மரவள்ளி பிடுங்கும்போதெல்லாம் வேர்முனையும் தோலுமாகக் கொஞ்சம் கொண்டுபோய்க் குழியோரம் போட்டுவிட்டு வருவான். முதலில் அவன் போன பிறகு தின்றது. பிறகு அவன் உட்கார்ந்திருக்கும்போதே தின்றது. ஒருநாள் தட்டுத் தடுமாறிக் கிட்டவே வந்து, சட்டை ஓரத்தை மோந்து பார்த்து, சேற்று மூக்கை அதிலேயே துடைத்துவிட்டுப் போனது. மாயாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. லயத்துக்கு வந்து அந்தக் கறையை அர்ச்சுனனிடம் காட்டிக் காட்டி, 'சட்டை வாசனையிலயே என்னைய அடையாளம் கண்டுக்கிட்டாரு' என்று பூரித்துப் போனான். அட பாவி மனுஷா, எதை யாரிடம் காட்டுகிறோம் என்று ஒரு யோசனை வேண்டாமா? வெள்ளந்தி, காட்டிவிட்டான்.

அப்போதுதான் சயாமுக்கு ரயில் சடக்குப் போட ஆள் பிடித்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இருந்து போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அடுத்த லாரியில் அர்ச்சுனன் என்று, கூலிகளை மேய்க்கிற மண்டோர் வந்து சொல்லிவிட்டுப் போனான். பஞ்சாலைக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அவள் அழுத அழுகையில் மாயாண்டி தின்றுகொண்டிருந்த கிழங்கைப் போட்டுவிட்டு எழுந்தான். மண்டோரிடம் போய், மாப்பிள்ளைக்குப் பதிலாக என்னை ஏற்றிக்கொள் என்று கையெடுத்துக் கும்பிட்டான். நொண்டிக் காலை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வாய் என்று மண்டோர் விரட்டிவிட்டான்.

ஆனால் அதே மண்டோர் அர்ச்சுனன் காதில் வேறொன்றைப் போட்டிருந்தான். ரெம்பாவில் இருக்கிற சப்பான் அதிகாரிக்குப் பன்றிக்கறி என்றால் உயிர், ஒரு பெரிய பன்றியைக் கொண்டுவந்து இறக்கினால் உன் பேரை எடுத்துவிடலாம் என்று. நாயும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஓடுகிற பன்றியை எங்கே போய்ப் பிடிப்பது? ஓடாத பன்றி ஒன்றுதான் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் மாயாண்டி அவர்களை நினைத்துத்தான் வேதனைப்பட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

காலையில் பஞ்சாலை வந்து வாசலில் நின்றாள். அந்தக் காக்கிச் சட்டையைக் கொடு அண்ணே என்றாள். மாயாண்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளை சப்பான்காரன் காலில் விழுந்து கெஞ்சப் போகிறான், சாக்கைச் சுற்றிக்கொண்டா போய் நிற்பான் என்று தானாகவே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டான். ஒட்டியிருந்த சருகைத் தட்டி, பித்தான் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தான். நல்லபடியாகப் போய்விட்டு வரட்டும் என்று வாழ்த்தி வேறு அனுப்பினான். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. பாவம், பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் அவளே ஒரு மங்குத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் தப்பிச்சிட்டாரு அண்ணே, சயாம் இல்லை என்றாள். மாயாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. முனியாண்டி காப்பாத்திட்டாரு என்று கும்பிட்டுவிட்டுத் தட்டைத் திறந்தான். மிளகு போட்டு வதக்கிய ஈரல். எத்தனை காலமாயிற்று கறியைக் கண்டு! ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தான். கயிறு மாதிரி இழுத்தது, கிழ மிருகத்து ஈரல். மென்றுகொண்டே எங்கிருந்து வந்தது என்று கேட்டான்.

"அவரு குடுத்துவிட்டாரு. இது ஒம் பங்காம்."

மெல்லுகிற வாய் நின்றது. ஈரல் தடம் பார்த்தவனுக்குத்தான் வரும். அவன் அந்த மாசம் ஒரு தடமும் பார்க்கவில்லை, எவனுக்கும் காட்டவில்லை. காட்டியது ஒன்றே ஒன்று, சட்டையில் இருந்த சேற்றுக் கறை. பாருங்கள் கூத்தை! சத்தியத்தை முறிக்கத் துணிந்தவனுக்குப் பங்குச் சட்டத்தை மீறப் பயம். மாயாண்டி எழுந்து வாசலில் துப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

அர்ச்சுனன் சுவரோரமாகக் குந்தியிருந்தான். காக்கிச் சட்டை கொடியில் தொங்கியது. சட்டைக் கையில் ரத்தம் தெறித்திருந்தது. ஓரத்தில் புதுசாக ஒரு சேற்றுக் கறை. மாயாண்டி அதைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் முழுக்கக் காயவில்லை. அடிப்பான் என்றுதான் அர்ச்சுனன் நினைத்தான், அதற்குத் தயாராகத் தலையைக் கவிழ்த்திருந்தான். மாயாண்டி அடிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஓடப் பாத்தாரா?"

பொய்யாவது சொல்லியிருக்கலாம், அந்த அளவுக்குப் புத்தி போகவில்லை.

"இல்ல மச்சான். கெழங்கப் போட்டேன். கிட்ட வந்து சட்டைய மோந்துச்சு. மூக்கத் தேச்சுச்சு. அப்பத்தான் குத்துனேன்."

மாயாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அறுத்தவன் அர்ச்சுனன். ஆனால் நம்ப வைத்தது யார்? அதுதான் அவனை உலுக்கியது. அந்தக் குருட்டுக் கிழத்துக்கு அர்ச்சுனன் யாரென்று தெரியாது. குத்தியது மாயாண்டி என்று நினைத்துத்தான் அது செத்திருக்கும். அதனிடம் போய் நான் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

பின்னாலேயே வந்த பஞ்சாலை அழுதுகொண்டே கத்தினாள். ஒரு பன்றிக்காகத் தாலியை அறுத்துக்கொள்ளச் சொல்கிறாயா, வயிற்றில் இருப்பது அப்பன் முகம் பார்க்க வேண்டாமா என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாயாண்டியும் இல்லை என்று சொல்லவில்லை.

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே குத்தியிருப்பேன் தாயி" என்றான். "முனியாண்டிக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, எதுக்க நின்னு, நான்தான்னு சொல்லிக் குத்தியிருப்பேன். ஒந் தாலிக்கு அது கூடவா செய்யமாட்டேன்?"

"நீ மாட்டேன்னு சொல்லிட்டா?"

"இதுவரைக்கும் ஒனக்கு எத மாட்டேன்னு சொல்லியிருக்கேன்?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கொடியில் இருந்து சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் விந்தி விந்தி நடந்தான்.

தலையைச் சப்பான்காரன் எடுத்துக்கொண்டான். தொடையும் முதுகும் லாரியில் போயிற்று. சேற்றுக்குழியோரம் கொஞ்சம் ரத்தமும், தின்னாமல் கிடந்த கிழங்குத் தோலும்தான் மிச்சம். மாயாண்டி பாராங் கத்தியால் அந்த இடத்தைத் தோண்டி, ரத்தம் ஊறிய மண்ணைச் சட்டையில் அள்ளி முடிந்து, குழியில் வைத்து மூடினான். செத்த மனுஷனுக்கே கோடித்துணி கிடைக்காத காலம். தோட்டத்தில் பாதிப் பேர் அவனைக் காறித் துப்பாத குறை. ஒரு பச்சைப் பிள்ளைக்குப் போர்த்தியிருக்கலாமே என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். ஆனால் அந்தச் சட்டையை இனி யார் போட்டாலும் அது மாயாண்டிக்குப் பொறுக்காது.

அர்ச்சுனன் சயாமுக்குப் போகவில்லை. பிள்ளை பிறந்தது, ஆம்பளப் பிள்ளை. தாய்மாமன் முறைக்கு மாயாண்டி தேன் தொட்டு வைத்தான். சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சினான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று பஞ்சாலை நினைத்திருக்க வேண்டும். அர்ச்சுனன்கூட மச்சான் மச்சான் என்று வளைய வந்தான்.

தீட்டுக் கழிந்து சில நாளில் அவள் பழைய வழக்கப்படி அண்ணன் வாசலில் வந்து நின்றாள். பாராங் கத்தி வேண்டும் என்றாள். மாயாண்டி எழுந்து செருகியிருந்த இடத்தில் இருந்து கத்தியை எடுத்தான். நீட்டப் போன கை பாதியில் நின்றது.

"எதுக்கு?" என்றான்.

கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். வாழைமரத்தில் தார் வெட்ட வேண்டும், வேறொன்றும் இல்லை. அதைச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பான். பஞ்சாலை அண்ணன் முகத்தையும் நீட்டாத கையையும் பார்த்தாள். பிறகு கந்தல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கத்தியை வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.