வழமையான இடத்தில் கிடைக்கும்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லடியில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருக்கும் 'நீரோட்டம்' விளம்பர நிறுவனத்துக்கு, அதன் இணையத்தளத்தில் போட 'எங்களைப் பற்றி' என்றொரு பக்கம் தேவைப்பட்டது. இருநூறு சொல் போதும் என்றார் உரிமையாளர் பிரஷாந்தி. நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு அப்படியே திருப்பித் தந்தார்.

"இது பக்கமில்ல அண்ணன், கதை. நீங்களே வச்சுக்கொள்ளுங்க."

வைத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: மட்டக்களப்பு வாவியின் மீது காலைச் சூரியன் தன் பொற்கதிர்களை

வேண்டாம். பிரஷாந்தியிடம் இப்படி எழுதிக் கொண்டுபோனால் தேத்தண்ணி கூடக் கிடைக்காது. மட்டக்களப்பு என்றதும் எல்லாரும் எழுதும் சூரிய உதயம், பாடும் மீன், பாலம் மூன்றுக்கும் அந்த அலுவலகத்தில் தடை. தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறார்.

இரண்டாம் தொடக்கம்: பதாகை அச்சடிக்கும் இயந்திரத்தைப் பிரஷாந்தி விற்ற அன்று, சொந்தக்காரர் எல்லாரும் அவருக்குப் பைத்தியம் என்றார்கள்.

இது பரவாயில்லை, உண்மையும்கூட. பதினொரு வருடம் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் தேர்தலுக்கும் பதாகை அடித்து ஓடிய நிறுவனம் அது. இனி வலைப்பதிவும் இணைய விளம்பரமும்தான் என்று ஒரே கிழமையில் முடிவெடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"ஆக்கள் எல்லாரும் கீழ குனிஞ்சு போனப் பாக்கிறாங்க. நான் மேல பதாகை கட்டிக்கொண்டு நிக்கிறன்."

இந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு பேனாவை மாற்றவே எனக்கு ஆறு மாதம் வேண்டும்.

3

கொன்ராட்டை நான் கற்பனை செய்ததாக நீங்கள் சந்தேகப்படுவீர்கள். எனக்கே சில நேரம் சந்தேகம் வருகிறது. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிச் சமூகத்தவர். நீரோட்டத்தின் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு சித்தாண்டி, உன்னிச்சை என்று ஊர் ஊராகச் சுற்றி அறிவித்தல் சொன்னவர். பதாகையோடு அந்த ஆட்டோ வேலையும் நின்றதும் பிரஷாந்தி அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. கணினிக்கு முன்னால் உட்கார்த்தினார். "நீங்க சொல்றத்த அப்பிடியே எழுதுங்க அங்கிள்" என்றார். அவரும் அப்படியே எழுதினார். அந்த உற்சாகத்துக்கே வாசகர் சேர்ந்தார்கள்.

[அடிக்குறிப்பாக வர வேண்டியது: கொன்ராட் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை எழுதுவார். ஓடும் ஆட்டோவில் முன்னால் நிற்பவருக்கு ஒருதரம், பின்னால் நிற்பவருக்கு ஒருதரம் சொல்ல வேண்டும் அல்லவா? இரண்டாவது வரிகளை அழிப்பது பிரஷாந்தியின் காலை வேலை.]

4

ஏறாவூர் அஸீமா இறால் சம்பல் செய்பவர். தெருவைத் தாண்டி விற்றதில்லை. இணையத்தில் விற்றுத்தருவதாகப் பிரஷாந்தி சொன்ன வார்த்தையை நம்பி நாற்பது போத்தல் போட்டுவைத்தார். இரண்டு கிழமைக்கு மேல் அது தாங்காது.

கொன்ராட் பதிவை எழுதினார். தலைப்பு, படம், எழுத்துப்பிழை, தேடுசொல் எல்லாவற்றையும் பிரஷாந்தி மூன்றுதரம் பார்த்து வெளியிட்டார். மூன்று நாளில் பதினோராயிரம் பேர் வாசித்தார்கள். ஒரு போத்தல் விற்கவில்லை.

பதிவின் கடைசி வரி இது: 'அஸீமாவின் இறால் சம்பல், வழமையான இடத்தில் கிடைக்கும்!'

முகவரியும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. எங்கள் பக்கத்து ஒலிபெருக்கி இடத்தைச் சொல்லாது. கூட்டமோ மீன் ஏலமோ, வழமையான இடம் என்றால் ஊருக்கே விளங்கும். பதிவை டோஹாவில் இருந்து வாசிப்பவருக்கு எப்படி விளங்கும்? பிரஷாந்திக்கும் அஸீமாவின் வீடு தெரியும் என்பதால் கண்ணில் படவில்லை. நானும் வாசித்தேன், எனக்கும் படவில்லை.

'எது வழமையான இடம்?' என்று பின்னூட்டங்கள் வரிசைகட்டின. நாலாம் நாள் ஒருவர் எழுதினார்: 'இப்படி ஒரு ஆளே இல்ல. இவ கள்ளி. ஏமாந்துராதீங்க.'

அன்றைக்கே அஸீமா பிரஷாந்தியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, என்ட பேருக்குக் கீழ கள்ளி எண்டு கிடக்காம். மகள் சொன்னா. சம்பல் போனாப் போகட்டும். அந்தப் போஸ்ட்ட அழிச்சுப்போடுங்க."

5

அழிப்பது ஒரு பொத்தான் வேலை. கதாசிரியனாக நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கொன்ராட் மேசைச் சாவியை எடுத்துப் பிரஷாந்தியிடம் நீட்டினார். "நான் போறன் மகள்."

"மூண்டுதரம் வாசிச்சது நான். மறுகா நீங்க ஏன் போகணும்? இருங்க அங்கிள்."

பிரஷாந்தி புதிய பதிவொன்றைத் தன் பெயரில் எழுதினார். 'நம்மட பிழை. இடம் சொல்ல மறந்தது நாங்கள், அஸீமா அல்ல' என்று தொடங்கினார். அஸீமாவிடம் இன்னும் கேட்காததால் அதிலும் முகவரியைப் போடவில்லை. பழைய வரியைக் கோடு போட்டு வெட்டினார், ஆனால் எல்லாரும் பார்க்கும்படி விட்டுவிட்டார். தொழிலில் இத்தனை நேர்மையை நான் கண்டதில்லை.

[இரண்டாம் பகுதியில் அந்தப் பொற்கதிர்களை நான் ஏன் அழிக்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.]

பிறகு அஸீமாவை அலுவலகத்துக்கு ஒருதரம் வரச் சொன்னார்.

6

முடிவு, ஒன்று: நாற்பது போத்தலும் ஒரே நாளில் தீர்ந்தன. இதை எழுதினால் இதுவே ஒரு விளம்பரம்.

முடிவு, இரண்டு: அஸீமா விலகிப்போனார், நீரோட்டம் மூடப்பட்டது. பைத்தியம் என்று சொன்ன சொந்தக்காரருக்கு அந்தச் சந்தோசத்தை நான் கொடுக்க மாட்டேன்.

ஆகவே நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஸீமா வந்தார். பிரஷாந்தி எழுந்து, தன் கதிரையில் அவரை இருத்தி, மவுஸை அவர் கையில் வைத்தார்.

"இந்தா, அழிக்கிற பட்டன். ராத்தா, இது உங்கட பேர், நீங்க சொல்றதுதான். அழிக்க முதல் ஒருக்கா முழுக்க வாசிங்க."

அஸீமா கீழே இறங்கி இறங்கி வாசித்தார். 'கள்ளி' என்ற பின்னூட்டத்துக்குக் கீழே ஊரே திரண்டு வந்திருந்தது. 'ஆளே இல்லையா? நேத்தும் அவட கையால சாப்பிட்ட நான்' என்று ஒருவர். 'புளிய மரத்தடியால திரும்பினா பச்சைக் கேட்' என்று இன்னொருவர். 'நாய் இல்ல, பயப்படாமப் போங்க' என்று மூன்றாமவர். வாசலில் நின்ற கொன்ராட் உள்ளே வந்து ஒவ்வொன்றையும் இரண்டுதரம் வாசித்தார்.

அஸீமா நிமிர்ந்தார்.

"பச்சைக் கேட்டா? அத நாங்க போன நோன்போட நீலமாக்கிட்டம். இதப் பாத்து வாற ஆக்கள் பக்கத்து வீட்டுக்குத்தான் போவாங்க."

திரையில் அழிக்கும் பொத்தான் இருந்தது. கொஞ்சம் கீழே, பதில் எழுதும் பெட்டி இருந்தது. மவுஸ் அஸீமாவின் கையில்.

பிரஷாந்தி இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். நானும் அப்படியே தள்ளி நிற்கிறேன். இனி மவுஸ் உங்கள் கையில். இடத்தைச் சொல்லாமல் விட்ட பிழையை மட்டும் நான் செய்ய மாட்டேன்: ஏறாவூர், புளிய மரத்தடியால் திரும்ப வேண்டும், நீலக் கேட். போத்தல்களுக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது.