துருத்தியில் ஓட்டை

அண்ணன் மதிப்பீட்டுச் சீட்டை எழுதியே கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். 'மடிப்புக் கேமரா. தோல் துருத்தியில் ஓட்டை. அலமாரியில் வைக்க மட்டும்.' கீழே என் கையெழுத்துக்கு இடம். எங்கள் பழைய கேமராக் கடையில் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது மதிப்பீடு.

வெளியே பெஞ்சில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா காத்திருந்தார். கேமரா அவருடையது. விற்று, ஒழுகும் கூரையை மாற்றப் போகிறாராம்.

"போடு, அவங்க கிளம்பணும்."

நான் கேமராவைத் திறந்தேன். தோலில் பொறித்த பெயரைப் பார்த்து விலை சொல்கிறவர்கள் உண்டு. ஒரே பெயரில் மலிவானதும் வந்திருக்கிறது, அரியதும் வந்திருக்கிறது. நான் லென்ஸைச் சுற்றியுள்ள எழுத்தைத்தான் படிப்பேன். நான்கு கண்ணாடி லென்ஸ். தூரம் அளக்கும் சக்கரத்தைத் திருப்ப, லென்ஸும் கூடவே நகர்ந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வருவது அரிய வகையில்தான். ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்து அழுத்தினேன். கிர்ரென்று முழு நொடியும் ஓடி மூடியது. பெரும்பாலான கிழட்டுக் கேமராக்கள் அங்கேதான் திணறும்.

சின்ன டார்ச்சை உள்ளே வைத்துப் பின்கதவை மூடி, அறை விளக்கை அணைத்தேன். லென்ஸையும் பெட்டியையும் இணைக்கும் தோல் துருத்தியின் மடிப்புகளில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பின்பக்கம் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.

"பார்த்தியா, வெளிச்சம் வருது."

"அது ஃபிலிம் நம்பர் பார்க்கிற ஜன்னல். மூடியைத் தள்ளாம விட்டிருக்க."

மூடியைத் தள்ளினேன். அதுவும் போயிற்று.

அண்ணன் இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறவன். தெரியாமல் எழுதியிருப்பானா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். யோசிக்க யோசிக்கக் கசந்தது.

"இந்த மாதிரி கேமரா வேணும்னு ஒருத்தர் ரெண்டு மாசமா என் உயிரை எடுக்கிறார்," என்றான் கடைசியில். "மலிவா எடுத்தாத்தான் லாபம். உன் நியாயத்தை வெச்சு வாடகை கட்ட முடியுமா?"

"முடியாது. ஆனா ஓட்டைன்னு எழுதணும்னா ஓட்டை இருக்கணும்ல."

"இது யார் கடைடி?"

"உன்னுதுதான். கையெழுத்து என்னுது."

விளக்கைப் போட்டேன். அவன் எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அலமாரியில் வைக்க மட்டும் ஆகிற கேமராவின் விலையைப் போல் எட்டு மடங்கு. எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கையெழுத்திட்டு, நர்ஸம்மாவிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தார். "இந்த விலைக்கு நீங்களே எடுத்துக்குவீங்களா?"

"அதை அண்ணன்தான் சொல்லணும். எடுக்கலைன்னா இந்தச் சீட்டோட அடுத்த கடைக்குப் போங்கம்மா. அங்கே குறைச்சுக் கேட்டா எனக்கு போன் பண்ணுங்க."

அண்ணன் என்னைப் பார்க்காமலே நாற்காலியை இழுத்தான்.

"உக்காருங்கம்மா. அடுத்த கடைக்கெல்லாம் எதுக்கு."

அன்று முழுவதும் அவன் என்னோடு பேசவில்லை. நானாகப் போய்ப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் அடுத்த கேமராவைத் திறந்தேன்.