துமிலி பிறந்த பட்டறை

அகராதியின் புதிய பதிப்பில் எந்தெந்தத் தெருச்சொற்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் கூட்டம் அது. நீள மேசையைச் சுற்றி நால்வர். கல்லூரி வாயிலிலும் பேருந்துப் படியிலும் பிறந்து, பெற்றோர் இன்னாரென்று தெரியாமலே வளர்ந்துவிட்ட சொற்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. 'கெத்து' வந்தது; எவரும் மறுக்கவில்லை. 'மொக்கை' வந்தது.

"இந்தச் சொல்லு இல்லாம எங்க சம்பந்தியைப் பத்திப் பேசவே முடியாது. சேத்துடுங்க" என்றார் மருத்துவச் சொற்களைக் கவனிக்கும் அம்மையார்.

'சொதப்பு' வந்ததும் மெய்ப்புத் திருத்துபவர் கையை உயர்த்தினார். "அது நான் தினமும் செய்யறதுதான். எனக்கு ஆட்சேபணை இல்ல."

அடுத்து வந்தது 'துமிலி'. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த துணைப் பதிப்பாசிரியை சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

நாள் முழுதும் முரண்டு பிடித்த எந்திரம், பழுது பார்ப்பவர் வந்து நின்றதும் ஒன்றுமே நடவாததுபோல் ஓடும் அல்லவா, அதுதான் துமிலி. "வண்டி துமிலி காட்டுது" என்று ஓட்டுநர்கள் சொல்லத் தொடங்கினர். செவிலியர் அதைப் பிடித்துக்கொண்டனர். வைத்தியரைக் கண்டதும் வலி பறந்துபோகும் நோயாளிக்கும் அதே பெயர் வாய்த்தது. பிறகு செய்தித்தாளின் கேலிச்சித்திரத்தில் ஏறியது. ஒரு நாவலிலும் புகுந்தது.

தலைமைப் பதிப்பாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையில் ஒரு பதிகம் பாடி முடிக்காமல் பேனாவைத் தொடாதவர் அவர்.

"இதைத் தெருச்சொல்லுன்னா நெனச்சீங்க? துமின்னா நுண்துளி. பழம்பாட்டுல பாத்திருப்பீங்க. பெஞ்சுக்கிட்டே இருக்கும், குடையை விரிச்சதும் சட்டுனு நின்னுடும். அந்தத் தூறல்தான் துமிலி! எத்தனை தலைமுறையா ஜனங்க வாயில ஒளிஞ்சு கெடந்திருக்கு பாருங்க. விளக்கத்தை நானே எழுதறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் படிச்சுடலாம்."

அந்த அலுவலகத்து மரபு அது. விளக்கம் எழுதியவர் எழுந்து நின்று அதை உரக்கப் படிப்பார். படித்து முடித்தால் சொல் உள்ளே வந்துவிட்டது என்று பொருள். அதன்பின் மாற்றம் கிடையாது.

துணைப் பதிப்பாசிரியை கைப்பேசியோடு மாடிப்படிக்கு விரைந்தாள். துமிலி எந்தத் தூறலிலும் பிறந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். அது அவள் அண்ணனுடைய மோட்டார் பட்டறையில் திரிந்த ஒரு பூனையின் பெயர். அண்ணன் மகள் பேசப் பழகிய நாளில் வாய்க்கு வந்தபடி வைத்தது. நாளெல்லாம் மற்றவர் முன் நொண்டி நொண்டி நடந்து அனுதாபம் சம்பாதிக்கும் அந்தப் பூனை, அண்ணன் தூக்கிப் பார்க்க வந்தால் ஒரே தாவலில் மதில் ஏறிவிடும். ஒருநாள் கிளம்ப மறுத்த லாரியொன்று அண்ணன் கை பட்டதும் உறுமியபோது, "இதுவும் துமிலிதாண்டா" என்றார் அவர். சொல் பிறந்தது.

"அண்ணா, துமிலி அகராதிக்கு வந்திருக்கு."

"அடி சக்கை! நம்ம துமிலியா? அந்தப் பொணக்கிடங்குல உசுருள்ள சொல்லையும் சேப்பீங்களா, புலவரே?" அண்ணனின் குரல் துள்ளியது.

அவள் தூறல் கதையைச் சொன்னாள். அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "பூனை எங்கடி மழையில நனைஞ்சுது? சரி, விடு. உனக்கென்ன போச்சு? நம்ம வீட்டுச் சொல்லு புத்தகத்துல ஏறினா போதும். வாயை மூடிக்கிட்டு உக்காரு, ஆமா."

வாயை மூடிக்கொள்வதே நல்லது என்பதற்கு வேறு காரணமும் இருந்தது. ஆசிரியர்களின் குடும்பத்தில் உருவான சொல்லை ஏற்கலாகாது என்பது விதி. முந்தைய பதிப்பில் ஒருவர் தம் பேரனின் மழலையைச் செருகிவிட, ஊரே கைகொட்டிச் சிரித்தபின் வந்த விதி. உண்மையைச் சொன்னால் துமிலிக்குக் கதவு அடைபடும். அண்ணனின் மகிழ்ச்சியை அவளே பறித்ததாகும்.

கூட்டம் மீண்டும் கூடியது. தலைமைப் பதிப்பாசிரியர் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். பழம்பாடல்களின் முன் அவளும் வாழ்நாளெல்லாம் தலைவணங்கி நின்றவள். அந்தப் புலவர்கள் பாடாத ஒன்றை அவர்கள் தலையில் கட்டுவது, துதிப்பாடலில் பொய்யடி சேர்த்துப் பாடுவதுபோல் அவள் நெஞ்சை அறுத்தது. அதற்கும் மேலாக ஒரு ரோஷம் மூண்டது: அண்ணன் பட்டறை என்ன, சொல் பிறக்கக் கூசும் இடமா? அதற்கு இரவல் பாட்டன் எதற்கு?

"ஐயா, படிக்காதீங்க" என்று அவள் எழுந்தாள். "அது எங்க அண்ணன் பட்டறைப் பூனையோட பேரு."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"பூனையா?" என்றார் தலைமைப் பதிப்பாசிரியர்.

"பூனைதாங்க ஐயா."

அம்மையார் முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டது. தலைமைப் பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எவ்வளவு அழகான தூறல்! அதை இப்படி நிறுத்திட்டியேம்மா."

"மன்னிச்சுக்கங்க ஐயா. விதிப்படி இது வரக் கூடாது. அதுவும் எனக்குத் தெரியும்."

"விதியை எழுதினவனே நான்தான். வீட்டுக்குள்ள மட்டும் புழங்கற சொல்லு கொல்லைப்புறமா நுழையக் கூடாதுன்னு எழுதினேன். இது நுழைஞ்சுதா? யார் கொண்டாந்தா இதை?"

"நான்தான். ஆஸ்பத்திரியில இருந்து" என்றார் அம்மையார். "இவங்க அண்ணன்னு ஒருத்தர் இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

"அப்ப இது வீட்டை விட்டுப் போயி, ஊரெல்லாம் ஒழைச்சு, தன் கால்ல நடந்து வந்திருக்கு. இதை வெளிய நிறுத்த நமக்கு என்ன யோக்கியதை?" என்றார் தலைமைப் பதிப்பாசிரியர். மெய்ப்புத் திருத்துபவரும் தலையசைத்தார்.

தலைமைப் பதிப்பாசிரியர் தம் தூறலைத் தாமே கோடிட்டு அடித்தார். புதிதாக எழுதினார். எழுந்து நின்று, காலையில் பதிகம் பாடும் அதே குரலில் படித்தார்:

"துமிலி. பெயர்ச்சொல். பழுது நீக்க வருபவர் முன் தன் பழுதை மறைத்துக்கொள்ளும் எந்திரம். அவ்வாறு செய்யும் ஆள். பட்டறை வழக்கு. ஒரு பூனையின் பெயரிலிருந்து பிறந்தது."

மாலையில் அலுவலக வாசலில் நின்று அவள் அண்ணனை அழைத்தாள்.

"போட்டுக் குடுத்துட்டியா?" என்றார் அவர். மறுபுறம் சுத்தியல் சத்தம்.

"போட்டுக் குடுத்துட்டேன். ஆனாலும் சேத்துட்டாங்க, அண்ணா. பட்டறை வழக்குன்னே எழுதியிருக்கு."

"என்னது? இரு, இரு. டேய், எல்லாத்தையும் நிறுத்துங்கடா!" ஒவ்வொரு ஓசையாக அடங்கிற்று. "போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். இப்பச் சொல்லு புலவரே, முழுசா."

தெருவில் போவோர் திரும்பிப் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல், அவள் ஐயாவின் குரலையும் நிறுத்தத்தையும் அப்படியே கொண்டு சொன்னாள். 'பட்டறை வழக்கு' என்ற இடத்தில் அங்கே யாரோ இரும்பின் மேல் ஸ்பானரால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்கள். பிறகு எல்லோருமே தட்டினார்கள்.

"கேக்குதா?" என்று அண்ணன் அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினார். "உங்க ஐயாவுக்கும் கேக்கற மாதிரி போனைத் தூக்கிப் பிடி!"